தை பிறந்த பின்னும் தொடரட்டும் நடை

மார்கழி மாதத்து விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகள் உறங்குவதில்லை. இருள் பிரியும் முன்பே நீராடி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கோயிலை நோக்கி நடப்போரில் பாதிப்பேர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள். மற்ற மாதங்களில் தெருமுனைக் கடைக்குச் செல்லவும் பேரனை அனுப்புகிற பாட்டிமார்கள், அந்த முப்பது நாளும் திருப்பாவை சேவிக்கும் கோஷ்டியோடு சேர்ந்து பிராகாரத்தையும் வலம் வந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். "தினமும் நடக்க வேண்டும்" என்று மருத்துவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அறிவுரை செய்யாத காரியத்தை மார்கழி செய்துவிடுகிறது.

பின்னர் தை பிறக்கிறது. பொங்கல் முடிந்த மறு வாரத்தில் அதே வீதியில், அதே நேரத்தில், அந்தக் கூட்டத்தில் சிலரையே காண முடிகிறது. வீதியும் மாறவில்லை, முழங்காலும் மாறவில்லை. முப்பது நாள் இயன்றது முப்பத்தோராம் நாள் ஏன் இயலாமற் போகிறது?

"மனவுறுதி போதாது" என்பதுதான் வழக்கமான விடை. அது பொருத்தமான விடையாகத் தோன்றவில்லை. மார்கழிக் குளிரில் நாலரை மணிக்கு எழுந்து தண்ணீரை வார்த்துக்கொள்ளும் உறுதி உடையவருக்கு, தையில் ஆறு மணிக்கு எழ உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? உறுதி இருக்கிறது; அதைத் தாங்கிநின்ற கொம்புகள்தாம் மார்கழியோடு அகற்றப்பட்டுவிடுகின்றன. அந்தக் கொம்புகள் எவை என்பதை, நோன்பு நோற்க வழிகாட்டிய ஆண்டாள் நாச்சியாரே காட்டிவைத்திருக்கிறாள்.

திருப்பாவை முப்பது பாசுரங்கள் கொண்டது. நோன்பின் விதிகள் இரண்டாம் பாசுரத்திலேயே சொல்லி முடிக்கப்பட்டுவிடுகின்றன. நாட்காலையில் நீராடுவது, நெய்யும் பாலும் விலக்குவது, மையும் மலரும் தவிர்ப்பது, தகாதவற்றைச் செய்யாமலும் பிறரைக் கோள் சொல்லாமலும் இருப்பது, இயன்ற அளவு கொடுப்பது என அவை கைவிரலில் எண்ணிவிடத் தக்கவை. ஆனால் ஆறாம் பாசுரம் தொடங்கிப் பதினைந்தாம் பாசுரம் வரை, முழுமையாகப் பத்துப் பாசுரங்கள், உறங்கும் தோழியரை எழுப்புவதற்கென்றே அமைந்தவை. நூலில் மூன்றில் ஒரு பங்கு! பறவைகளின் ஒலியையும் விடியலின் அடையாளங்களையும் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அழைக்கிறார்கள். எழாதவளைக் கேலி செய்கிறார்கள், விட்டுவிட்டுப் போவதில்லை. பதினைந்தாம் பாசுரத்திலோ, உள்ளே படுத்திருப்பவளும் வெளியே நிற்பவர்களும் வாய்க்கு வாய் வாதாடுகிறார்கள். அவள் வந்து சேர்ந்த பிறகே கூட்டம் மேலே நகர்கிறது.

வைணவ ஆசாரியர்கள் இப்பாசுரங்களுக்கு அருளிய உட்பொருள்கள் ஆழமானவை. வெளிப்பொருளாக மட்டும் நோக்கினாலும் ஒன்று விளங்கும்: நோன்பு தனியாள் காரியம் ஆகாது. யாரேனும் வாசலில் வந்து நிற்கும்போதுதான் போர்வை விலகும்.

சங்கொலி நின்ற பிறகு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராஜபாளையத்தில் இதே உண்மைக்கு வேறொரு சான்று உண்டு. 1936-ஆம் ஆண்டு பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலையைத் தொடங்கியது முதல் அந்நகரம் ஆலை நகரமாக வளர்ந்தது. ஷிப்டு முறையில் ஆலைக்குச் சென்றவர்களின் வாழ்வு நேரத்துக்குக் கட்டுப்பட்டது. எழுவது, உண்பது, நடப்பது, உறங்குவது எல்லாம் ஆலைச் சங்கைச் சுற்றியே அமைந்தன. முப்பது ஆண்டுகள் நின்றும் நடந்தும் உழைத்த உடம்பு, ஓய்வுபெற்ற சில ஆண்டுகளிலேயே திண்ணையில் சாய்ந்து தளர்ந்துபோவதைப் பல வீடுகளில் காணலாம். அவர்கள் சோம்பேறிகள் ஆகிவிடவில்லை. அழைத்துக்கொண்டிருந்த ஒலி நின்றுவிட்டது. அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. அவ்வளவுதான்.

அந்த இடத்தில் வைப்பதற்குத் திருக்கோயில் மணியைவிடப் பொருத்தமானது எது? அது அன்றாடம் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது, விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. பெத்தவநல்லூர் மாயூரநாத சுவாமி கோயிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலோ, தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலோ, எதுவானாலும் ஒரு குறிப்பிட்ட பூஜையைத் தனதாக்கிக்கொண்டு, "இந்தத் தீபாராதனைக்கு நான் அங்கே இருப்பேன்" என்று வைத்துக்கொண்டால் நடை தானே வந்து சேரும். வைத்தியநாதன் என்னும் திருநாமம் உடைய பெருமான் வாசலுக்கு நடந்தே போவது மருந்தில் பாதி என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, துளசியும் மலரும் வளர்த்து, நாள்தோறும் மாலை கட்டி வடபத்ரசாயிக்குச் சமர்ப்பித்தவர். தண்ணீர் சுமப்பதும் களை பறிப்பதும் குனிந்து பூக் கொய்வதும் உடலுழைப்பே. இன்று மனம் வரவில்லை என்று அவர் ஒருநாளும் இருந்துவிட முடியாது. மாலைக்காகப் பெருமாள் காத்திருக்கிறார். வெறுமனே "நடந்துவிட்டு வருகிறேன்" என்று புறப்படுபவரை ஒரு தூறல் தடுத்துவிடும். "விளக்குக்கு எண்ணெய் நான்தான் கொண்டுபோக வேண்டும்" என்றிருப்பவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கோலமிடுதல், பூத் தொடுத்துக் கொடுத்தல், நந்தவனத்தில் செடிகளுக்கு நீர் வார்த்தல் என முதியவர் உடல்நிலைக்கு ஏற்ற சிறு கைங்கரியம் ஒன்றைக் கோயிலில் கேட்டுப் பெற்றுக்கொள்வது, விலை உயர்ந்த நடைக்கருவி வாங்கி அதில் துணி உலர்த்துவதைவிட மேலானது.

எத்தனை நாளில் வழக்கமாகும்?

ஒரு மண்டலம் என்பது நம் மரபில் 48 நாள். மேனாட்டு ஆய்வாளர்களும் இக்கேள்வியை எழுப்பியதுண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, அன்றாடம் தவறாத இன்னொரு நிகழ்ச்சியோடு, காலைச் சிற்றுண்டிக்குப் பின் என்பது போல, அதைப் பிணைத்துக்கொண்டு 12 வாரம் செய்துவந்தனர். எண்ணிப் பாராமலே அச்செயலைச் செய்யும் நிலை வருவதற்குச் சராசரியாக 66 நாளாயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே கைவந்தது; சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கானது. தண்ணீர் அருந்துவது போன்ற எளிய செயலைவிட உடற்பயிற்சி வழக்கமாவதற்குக் கூடுதலான நாட்கள் தேவைப்பட்டன. இடையில் ஒருநாள் தவறியது பெரிய கேட்டை விளைவிக்கவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது.

இந்த எண்களை நம் பஞ்சாங்கத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 16-ஆம் நாளையொட்டிப் பிறக்கும் மார்கழி முதல் நாளில் நடையைத் தொடங்கினால், தை பிறக்கையில் பாதி வழிகூடக் கடந்திருக்காது. 66-ஆம் நாள் பிப்ரவரி 19 வாக்கில், மாசி முதல் வாரத்தில் வருகிறது. மெல்லப் படியும் உடம்பாயின் 254-ஆம் நாள் ஆவணி மாதத்தில்! வேர் பிடிக்கும் முன்பே செடியைப் பிடுங்குவது போல, மார்கழியோடு நிறுத்துகிறவர்கள் ஒவ்வோராண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியவர்கள் ஆகிறார்கள்.

இடைப்பட்ட நெடுவழியைக் கடப்பதற்கு நாச்சியார் ஊரின் திருவிழாக்களே மைல்கற்களாக நிற்கின்றன. தையில் பூசம், மாசியில் மகம். பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் ரங்கமன்னார் திருக்கல்யாணம். சித்திரையில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரை கள்ளழகருக்குச் செல்லும். ஆனி சுவாதி பெரியாழ்வார் அவதரித்த நாள். ஆடிப்பூரம் வந்தால் ஊரே தேர்வடம் பிடிக்கும். "வாழ்நாள் முழுவதும் நடப்பேன்" என்ற சங்கற்பம் பெரிதாகி மலைக்க வைக்கும். "பங்குனிக் கல்யாணம் வரை விடமாட்டேன்" என்பது கைக்கு எட்டும். கல்யாணம் முடிந்ததும் அடுத்ததைப் பற்றிக்கொள்ளலாம்.

ஆண்டுக்கொருமுறை பாதயாத்திரை போய்வருவதும் சதுரகிரி ஏறுவதும் இந்த வழக்கத்துக்கு ஈடாகுமா? அவற்றின் புண்ணியத்தை அளக்க யாராலும் ஆகாது. உடம்பின் கணக்கு மட்டும் வேறு. பதினொரு மாதம் அமர்ந்திருந்துவிட்டு, அமாவாசையன்று தாணிப்பாறையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையேறச் சொன்னால் இதயமும் முழங்காலும் திகைத்துவிடும். முதியவருக்கு அது ஆபத்தும் ஆகலாம். அன்றாடம் நடந்து பழகியவருக்கே, அவரும் மருத்துவரைக் கேட்டுக்கொண்ட பிறகே, மலைவழி ஏற்றது.

எவ்வளவு நடந்தால் போதும்?

"நாளுக்குப் பத்தாயிரம் அடி" என்று பேரப்பிள்ளைகள் கைபேசியைக் காட்டிச் சொல்வதுண்டு. அந்த எண் மருத்துவத்தில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயராகவே அது பரவியது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உடைய 16,741 பெண்மணிகளை வைத்து ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் நடந்ததால் கூடுதல் பயன் அவ்வளவாகத் தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் நடக்கிறார்கள் என்ற ஐயத்துக்கு இடமுண்டு என்றாலும், சிறிது நடையும் வீண்போவதில்லை என்று முதியோர் ஆறுதல் கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். அதையும் முதல் நாளிலேயே எட்ட வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கொருமுறை ஒரு பிரதட்சிணம் கூட்டிக்கொள்ளலாம். மிதமான நடை எது என்று அறியக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே நாமம் சொல்ல இயல வேண்டும், ஆனால் வாய்விட்டுப் பாட மூச்சு இடந்தரக் கூடாது. அதுவே சரியான வேகம். நாமம் சொல்லவும் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சந்நிதிக்கு எதிரே நின்று சேவிக்கும் நேரம் நடைக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

நடை மட்டும் போதாது என்பது பலரும் அறியாதது. முதுமையில் அஞ்ச வேண்டியது விழுதலை. கால் வலுவையும் உடல் சமநிலையையும் வளர்க்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டுமென்று அதே நிறுவனம் முதியோருக்கு வகுத்திருக்கிறது. இதற்கும் கோயிலிலேயே வழி உண்டு. பிள்ளையார் முன் இடும் தோப்புக்கரணம் தொடைத் தசைகளுக்கு நல்ல வேலை. அதனால் மூளை கூர்மையாகும் என்றெல்லாம் சொல்லப்படுவதை நம்பித்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை; தரையிலிருந்து தானே எழுந்திருக்கும் வலு கிடைத்தால் அதுவே பெரிய பேறு. முழுதும் அமர இயலாதவர் தூணையோ கம்பியையோ பற்றிக்கொண்டு கால்வாசி அமர்ந்து எழலாம். நமஸ்கரித்து எழுவதும் இத்தகையதே. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் முயலக் கூடாது.

நீரிழிவு உள்ள அன்பர்களுக்குப் பாதத்தைப் பற்றி ஒரு சொல். பல்லாண்டு நீரிழிவால் பாத உணர்வு மங்கியிருக்கும். வெயிலேறிய கற்றளத்தில் வெறுங்காலோடு நடக்கையில் சூடு உறைக்காது. வீட்டுக்கு வந்த பின்பே கொப்புளம் தெரியும், சில வேளைகளில் அதுவும் தெரியாமலே புண்ணாகிவிடும். ஆகவே இவர்கள் வெயில் ஏறும் முன்போ, அந்தி சாய்ந்தோ வலம் வருவது நல்லது. விரிப்பும் வெள்ளைப் பூச்சும் உள்ள பாதையை விட்டு விலகக் கூடாது. வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு உள்பட ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடப்பதும் தவறு. மடியில் நாலு கற்கண்டு இருக்கட்டும். நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ இடக்கையில் வலியோ தோன்றினால், இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று எண்ணாமல் அங்கேயே அமர்ந்து அருகிலிருப்பவரை அழைக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்ததற்காகப் பெருமாள் யாரையும் கணக்குக் கேட்டதில்லை.

அன்பினால் கெடுக்கும் பிள்ளைகளும் உண்டு. "அம்மா ஏன் நடக்க வேண்டும்" என்று வண்டியில் ஏற்றி ராஜகோபுர வாசலிலேயே இறக்கிவிட்டு, தரிசனம் முடிந்ததும் வாசலிலிருந்தே ஏற்றிக்கொண்டு போகும் மகன், ஒரு தெரு தள்ளி இறக்கிவிட்டால் இன்னும் நல்ல மகனாவான். துணைக்கு நடந்தால் அதைவிட நன்று.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை நடை சற்று முன்னதாகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி படிந்த கல்தரை வழுக்கும். அந்நாட்களில் கோயிலுக்குப் போக இயலாவிட்டால் அதே நேரத்தில் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். மழை விட்ட வேளையில் துளசி மாடத்தைச் சுற்றலாம். இடம் மாறலாம், நேரம் மாறாதிருப்பது நல்லது. காய்ச்சலாலோ ஊர்ப் பயணத்தாலோ ஒரு வாரமே விட்டுப்போனாலும், மறுபடி எழுந்து வருகிறவரைக் கேலியோடும் அன்போடும் சேர்த்துக்கொள்ளும் தோழமை இரண்டு வீட்டிலாவது இருக்க வேண்டும். இந்நாளில் வாசலில் வந்து நிற்க இயலாவிட்டால் தொலைபேசி மணி போதும். "நான் கிளம்பிவிட்டேன், நீங்கள்?" என்ற இரண்டு சொற்றொடருக்குள் திருப்பாவையின் பத்துப் பாசுரங்களின் வேலை நடந்துவிடும்.

இப்படி மார்கழியில் தொடங்கி ஆவணி வரை விடாது நடந்தவருக்குப் புரட்டாசி சனிக்கிழமைகள் காத்திருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை, தென்திருப்பதி என்று போற்றப்படும் சிறு குன்று. அங்கே எழுந்தருளியுள்ள ஸ்ரீநிவாசப் பெருமாளைச் சேவிக்க அந்தச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே திரளும். முதியோர் கூட்டம் பெருகும் முன் விடியலிலேயே படியேறிவிடுவது நலம். ஏறும்போது மூச்சு வாங்கும், சற்று நின்று போகலாம். முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். வலி உள்ள கால் முதலில் கீழ்ப்படியில் இறங்க, நல்ல கால் பின்தொடர வேண்டும். கைத்தடியை வலி உள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.